வேலைக்கு நாலு ஸ்டார், கணக்குக்கு ஒன்று

ஏழு வருஷமாக ஒரே காரை ஓட்டுகிறேன். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு முறையும் எழுதி வைத்த நோட்டு ஒன்று டேஷ்போர்டுக்குள் கிடக்கிறது. தேதி, ஓடோமீட்டர் (கார் ஓடிய மொத்தத் தூரம்), லிட்டர், டேங்க் நிரம்பியதா இல்லையா, கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு. வேலையே கணக்கு எழுதுவதுதான் என்பதால் இது எனக்குப் பாரமில்லை. போன மாதம் சர்வீஸுக்கு விட்ட இடத்தைப் பற்றிய இந்த விமர்சனமும் அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது. பெயர் சொல்லப் போவதில்லை. பல சர்வீஸ் சென்டர்களில் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஆயில், ஃபில்டர்கள், பிரேக் பேட், பேட்டரி, நாலு டயர், வீல் அலைன்மென்ட் எல்லாம் சொன்ன நாளில் சொன்னபடி முடிந்தன. பழைய பாகங்களை ஒரு பையில் போட்டுக் காட்டினார்கள். வேகமாகப் போகும்போது ஸ்டீயரிங்கில் இருந்த நடுக்கம் போய்விட்டது. மெக்கானிக்குக்குக் கை சுத்தம்.

கணக்கு மட்டும்தான் கோணல்.

காரை விடும்போது ஓடோமீட்டர் 48,163. வண்டியை வாங்கி வேலையை எழுதிக்கொள்ளும் அட்வைசர் தம்பி, ஜாப் கார்டு என்கிற அந்தத் தாளில் 48,200 என்று எழுதினார். "ரவுண்டா போட்டுக்கிட்டேன் மேடம்" என்றார். பெட்ரோல் அளவுக்கு ஒரு அரைவட்டப் படம் இருந்தது. அதில் முக்கால் பக்கமாக ஒரு கோடு இழுத்தார். அப்போதுதான் டேங்க் நிரப்பிவிட்டு வந்திருந்தேன், முள் உச்சியில் நின்றது. சரி, கையெழுத்துக்கு அவசரம் போல என்று விட்டுவிட்டேன். மறுநாள் வண்டியை எடுக்கும்போது ஓடோமீட்டர் 48,184. பில்லில் 48,200. அவர்கள் காகிதத்தை நம்பினால் என் கார் பட்டறைக்குள் 16 கிலோமீட்டர் பின்னோக்கி ஓடியிருக்கிறது!

உண்மையில் ஓடியது 21 கிலோமீட்டர். அதில் எனக்குக் கோபமில்லை. பிரேக்கும் அலைன்மென்ட்டும் பார்த்தவர்கள் ஓட்டித்தான் பார்க்க வேண்டும், ஓட்டாமல் கொடுத்திருந்தால்தான் பயப்படுவேன். ஆனால் அதை எங்கேயும் எழுதவில்லை. ஜாப் கார்டில் 'வெளியே போகும்போது' என்று ஒரு கட்டம் அச்சடித்தே இருக்கிறது, காலியாக.

இதற்காகவே நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சர்வீஸுக்குப் போகிற வழியில் டேங்கை நிரப்புவேன். வண்டியை எடுத்ததும் நேரே அதே பங்க், முடிந்தால் அதே பம்ப், மறுபடி ஆட்டோ கட் வரை, அதாவது பம்ப் தானே நிற்கும் வரை, நிரப்புவேன். முதல் கட்டிலேயே நிறுத்தச் சொல்வேன், அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக விட்டால் கணக்கு கெடும். இந்த இரண்டு நிரப்பலுக்கும் நடுவில் இருப்பது பட்டறையின் கணக்கு. அதற்கு நோட்டில் தனி வரி, சிவப்பு மையில்.

இந்த முறை அந்த வரி இப்படி வந்தது: 48,151-இல் நிரப்பியது, 48,196-இல் மறுபடி நிரப்பியது. 45 கிலோமீட்டர், 4.38 லிட்டர். வகுத்தால் லிட்டருக்கு 10.3. இதைப் பார்த்து யாரும் அலற வேண்டாம். இன்ஜினை ஓடவிட்டு சோதிப்பதெல்லாம் இதற்குள்தான் வருகிறது. நின்ற இடத்தில் ஓடும் சாதாரண பெட்ரோல் கார் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும், ஏசி போட்டால் இன்னும் அதிகம். அதற்கெல்லாம் கிலோமீட்டர் ஏறாது. போதாததற்கு, இவ்வளவு சிறிய நிரப்பலில் நாசில் கொஞ்சம் முன்னே பின்னே கட் ஆனாலும் விடை எங்கேயோ போய்விடும். அதனால் இந்த வரியிலிருந்து நான் மைலேஜ் எடுப்பதில்லை. இது வேலி, அவ்வளவுதான்.

வேலி போடாவிட்டால் என்ன ஆகும்? அடுத்த டேங்க் 420 கிலோமீட்டர், 25 லிட்டர், அதாவது 16.8. பட்டறைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் போட்டிருந்தால் 465 கிலோமீட்டர், 29.38 லிட்டர், 15.8. சர்வீஸுக்கு முந்தைய ஐந்து டேங்கில் என் சராசரி 16.6. ஆக, 'சர்வீஸுக்கு விட்டதும் மைலேஜ் இறங்கிப்போச்சு' என்று நானும் சண்டைக்குப் போயிருப்பேன். அப்படிச் சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் பட்டறையில் எரிந்த பெட்ரோலைத் தங்கள் தலையில் எழுதிக்கொண்டவர்கள் என்பது என் சந்தேகம்.

இப்போது அட்வைசர் தம்பியின் பக்கம். வண்டியை ஒப்படைக்கும்போது, "சர்வீஸ் முடிஞ்சதும் மைலேஜ் ரெண்டு மூணு ஏறும் மேடம், இப்பவே பாருங்க" என்று டிஸ்ப்ளேவைக் காட்டினார். 19.2 என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் ட்ரிப் மீட்டரும் (கடைசியாக அழித்ததிலிருந்து ஓடிய தூரம்) மைலேஜ் சராசரியும் அழிந்துவிடும், என் காரிலும் அப்படித்தான். ஓடோமீட்டர் மட்டும் அழியாது. பக்கத்திலேயே ட்ரிப் மீட்டரில் 3.4 என்று இருந்தது. மூன்று சொச்சம் கிலோமீட்டரின் சராசரியைக் காட்டி ஏழு வருஷ நோட்டுக்காரியை மடக்கப் பார்க்கிறார்! இதனால்தான் நான் ட்ரிப் மீட்டரை நம்பி எழுதுவதே இல்லை. யாராவது ஒரு பட்டனை அழுத்தினால் போச்சு. ஓடோமீட்டரை எழுதி வைத்தால் கழித்துக்கொள்ளலாம். அந்த டிஸ்ப்ளே டேங்கில் விழுந்த பெட்ரோலை அளப்பதும் இல்லை, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. என் காரில் வழக்கமாக நோட்டைவிட ஆறு சதவீதம் கூடவே காட்டும்.

ஏர் ஃபில்டரையும் எடுத்துக் காட்டி, "இவ்ளோ அழுக்கு, இதுவே மைலேஜைத் தின்னுருக்கும்" என்றார். கணினி இல்லாத கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-இல் இதைச் சோதித்துப் பார்த்தது. கணினி கட்டுப்படுத்தும் இப்போதைய பெட்ரோல் இன்ஜினில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் பெரிதாக மாறுவதில்லை, வேகம் எடுப்பதுதான் மந்தமாகிறது. உள்ளே வரும் காற்றை அளந்து அதற்கேற்றபடிதானே பெட்ரோல் போகிறது. ஃபில்டரை மாற்றியது சரிதான், அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு.

அவர் சொல்லாமல் விட்டது டயர். பழைய டயர் தேய்ந்து விட்டம் குறைந்திருந்தது. 8 மில்லிமீட்டர் ஆழப் பூவோடு (டயரின் மேல் வெட்டுகள்) வரும் புது டயர் 1.6-க்குத் தேய்ந்தால் விட்டத்தில் மட்டும் 12.8 மில்லிமீட்டர் போயிருக்கும். சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். ஓடோமீட்டர் சுற்றைத்தான் எண்ணுகிறது. ஆகவே தேய்ந்த டயரில் தூரம் அதிகமாகத் தெரியும், புது டயர் போட்டதும் குறைவாகத் தெரியும். என் அலுவலகத்துக்குப் போய்வர எப்போதும் 31.4 காட்டும். புது டயரில் 31.1. கிட்டத்தட்ட ஒரு சதவீதம். ரோடு சுருங்கவில்லையே! நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே 'டயர் மாற்றம், இனி +1%' என்று எழுதிவிட்டேன். அளவே வேறான டயர் போடுகிறவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரிது. 185/65 ஆர்15-க்குப் (முதல் எண் அகலம், அடுத்தது அதில் எத்தனை சதவீதம் உயரம், கடைசி ரிம் அளவு) பதில் 195/65 போட்டால் விட்டம் 2 சதவீதம் கூடும்.

இதுவரை சர்வீஸுக்குப் பின் மூன்று டேங்க் ஆகியிருக்கிறது. 420-க்கு 25, 451-க்கு 27.1, 438-க்கு 26. மொத்தம் 1,309 கிலோமீட்டர், 78.1 லிட்டர், 16.8. மூன்று மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும், இல்லையென்றால் சின்ன டேங்குக்கும் பெரிய டேங்குக்கும் ஒரே மரியாதை கொடுத்த மாதிரி ஆகிவிடும். டயர் திருத்தத்தையும் சேர்த்தால் 16.9. ஆக ஏறியது 0.3. அதில் பாதி டயரில் சரியான காற்று இருப்பதால்கூட இருக்கலாம். அட்வைசர் சொன்ன ரெண்டு மூணு எங்கே, இது எங்கே.

வீட்டுக்கு வந்த பிறகு ஓடோமீட்டர் போட்டோவை அனுப்பி, பில்லைத் திருத்தித் தரச் சொன்னேன். "37 கிலோமீட்டர்ல என்ன மேடம் இருக்கு?" என்றார் தம்பி. இருக்கிறது தம்பி. நான் கொஞ்ச தூரம் போனதுமே ஏதோ சத்தம் என்று வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, யாராவது ஒழுங்காக 48,190 என்று ஏற்றியிருந்தால், உங்கள் கணினியில் என் கார் 48,200-லிருந்து 48,190-க்கு இறங்கியிருக்கும். நாளைக்குக் காரை வாங்க வருகிறவர் சர்வீஸ் வரலாற்றைப் பார்த்தால், மீட்டரைத் திருப்பிவிட்டாள் என்று என்னைத்தான் சொல்வார்.

இதைச் சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மேலாளரிடம் கேட்டுவிட்டு, புது பில்லும் ஜாப் கார்டு நகலும் அனுப்பினார். உள்ளே 48,163, வெளியே 48,184. கதவோரம் ஒட்டியிருந்த 'அடுத்த சர்வீஸ் 58,200' ஸ்டிக்கரை மாற்ற மட்டும் மறந்துவிட்டார். அதை நானே பேனாவால் அடித்து 58,184 என்று எழுதிக்கொண்டேன்.