செவ்வாயும் வெள்ளியும் தடுமாறும் கடிகாரம்: ஒரு மதிப்புரை

அம்மாவுக்காக ஏழு மாதங்களுக்கு முன்னர் இணைய அங்காடி ஒன்றில் ஒரு நாட்காட்டிக் கடிகாரம் வாங்கினேன். எட்டு அங்குலத் திரையில் கிழமை, பொழுது, மணி, திகதி ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் காட்டும் இந்தப் பொருள், மறதி நோய் உள்ளவர்களுக்கென்றே விற்கப்படுகிறது. வீடு வந்து சேரும்போது 17,500 ரூபாய் ஆயிற்று. ஒரே கருவி பல பெயர்களில் விற்பனைக்கு இருப்பதால் பெயரைச் சொல்லிப் பயனில்லை. வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் வாங்கலாம் என்றே சொல்வேன். ஆனால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாக்குறுதியை நம்பி வாங்க வேண்டாம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா 36 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். அத்தனை ஆண்டுகளிலும் கையில் கடிகாரம் கட்டியதில்லை, தேவையும் இருக்கவில்லை. விடியற்காலைத் தப்புச் சத்தம், ஆட்களை வேலைக்குப் பிரித்தனுப்பும் பெரட்டு, தொழிற்சாலைச் சங்கு, கொழுந்து நிறுக்கும் நேரம் என்று அவருடைய பொழுதை எப்போதும் வெளியிலிருந்து யாரோ சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இப்போது என்னோடு நகரத்தில் இருக்கிறார், சொல்வதற்கு எவருமில்லை. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இங்கே மூடுபனி இறங்கிவிட்டால் காலை ஏழு மணி வெளிச்சமும் மாலை ஐந்து மணி வெளிச்சமும் ஒன்றுபோலவே இருக்கும். கண் வழியே வரும் வெளிச்சத்தைக் கொண்டுதான் மூளையின் ஹைபோதலமஸ் பகுதியிலுள்ள ஒரு சிறு நரம்பணுத் திரள் இரவையும் பகலையும் பிரித்தறிகிறது. அல்சைமர் நோயில் அந்த அணுக்களும் தேய்ந்து போகின்றன. அந்தி சாயும் வேளையில் மறதி நோயாளர் பலருக்குப் பதற்றம் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் யூன் மாதத்தில் நாள் முழுவதும் அந்திதான்.

கடிகாரம் வாங்கும் எண்ணம் வந்தது கண்டியில் ஒரு கிளினிக்கில். அங்கிருந்த வைத்தியர் முதலில் தைரொயிட்டையும் வைட்டமின் பி12 அளவையும் பார்த்தார்; அப்பா இறந்து எத்தனை மாதம் என்று கேட்டு, மனச்சோர்வும் முதியவர்களிடத்தில் மறதியைப் போலவே தோற்றமளிக்கும், அதற்கு மருந்து உண்டு என்று விளக்கினார். அதன் பின்னரே ஒரு தாளை நீட்டி, ஒரு கடிகாரம் வரைந்து அதில் 11 மணி 10 நிமிடத்தைக் காட்டும்படி அம்மாவிடம் கேட்டார். உலகெங்கும் செய்யப்படும் சோதனை அது. நினைவாற்றலையும் சிந்தனைத் திறனையும் அளக்க 2005 இல் வெளியான மொன்ட்ரியல் சோதனையிலும் இடம்பெற்றிருக்கிறது. மொத்தம் 30 புள்ளிகள், 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுப்பார்கள். தோட்டப் பாடசாலையில் மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு அந்த ஒரு புள்ளி எந்த மூலைக்கு? அம்மா பென்சிலைக் கவ்வாத்துக் கத்தி பிடிப்பதுபோல் பிடித்து, வட்டத்தை நன்றாகவே வரைந்தார். எண்கள் எல்லாம் வலப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. இது நோயா, பழக்கமின்மையா என்பதை ஒரு தாளை வைத்துச் சொல்ல முடியாது என்று வைத்தியரே கூறினார். இன்னும் இரண்டு முறை வரச் சொல்லி, வீட்டில் நடப்பவற்றைக் கேட்டறிந்த பிறகுதான் நோய் என்று உறுதிப்படுத்தினார்.

இனிக் கருவிக்கு வருகிறேன். எழுத்து பத்தடி தூரத்திலிருந்து தெரிகிறது. முள் கடிகாரத்தைப் பார்த்து மணி சொல்வதற்கு மூளை சில கணக்குகளைப் போட வேண்டும். இதில் அந்தச் சுமை இல்லை. மொழிப் பட்டியலில் தமிழைக் கண்டதும் மகிழ்ந்தேன். மகிழ்ச்சி அரைகுறையானது. “பிற்பகல்” என்ற சொல்லை அம்மா தம் வாழ்நாளில் பேசியதில்லை. அவருக்கு உள்ளவை விடியக்காலை, பகல், அந்தி, ராவு ஆகியவைதாம். எழுத்துக் கூட்டி “பிற்பகல்” என்று படித்துவிட்டு, “அப்போ பகல் இல்லையா தம்பி?” என்று கேட்டார். மறதி நோயாளருக்கென்று ஒரு பொருளைச் செய்பவர்கள் அகராதியைத் திறந்து மொழிபெயர்த்திருக்கிறார்களே தவிர, ஒரு முதியவரின் வாய்ச்சொல்லைக் கேட்கவில்லை.

இதைவிடப் பெரிய குறை மூன்றாவது வாரத்தில் தெரிந்தது. தெரிந்த விதத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா கடிகாரத்தின் முன் நின்றுகொண்டு, “தம்பி, பூச்சி ஒண்ணு உக்காந்திருக்கு” என்றார். நான் சமையலறையிலிருந்தே, “பூச்சியெல்லாம் இல்லீங்கம்மா” என்றேன். வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னார். இடையில் மூன்று இரவுகள் அவர் உறங்கவில்லை, நானும் உறங்கவில்லை, பாடசாலையில் தவணைப் பரீட்சைத் தாள்கள் வேறு குவிந்து கிடந்தன. மறதி நோயில் லூவி உடல் வகை என ஒன்று உண்டு, அதில் இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் என்று எங்கோ வாசித்தது நினைவுக்கு வந்தது. அன்றிரவே என் மனத்தில் அம்மாவுக்கு நோய் முற்றிவிட்டது. கொழும்பிலிருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொல்லி அவரையும் அழவைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் திரையில் விரலை வைத்துக் காட்டினார். “செவ்வாய்” என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு எழுத்தோடு சேராமல் தனியே பிரிந்து, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தோடு நின்றது. கால் முளைத்த வண்டு போலத்தான் இருந்தது. கிழமைப் பெயர்களில் ஒற்றைக் கொம்பு வருபவை செவ்வாயும் வெள்ளியும் மட்டுமே. இந்த எழுத்துருவில் அவ்விரண்டு நாட்களும் உடைந்துதான் வருகின்றன.

நோயாளி உள்ளதைக் கண்டார்; நோயில்லாத நான் இல்லாததைக் கண்டேன். மூளை கண் கொண்டுவருவதை அப்படியே ஏற்பதில்லை, தான் எதிர்பார்ப்பதோடு சேர்த்தே பார்க்கிறது என்பதை மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதியே கற்பித்தவன் நான். பதற்றம் கவனத்தின் வட்டத்தைச் சுருக்குகிறது; அஞ்சும் பொருள் வட்டத்துக்குள் இருக்கும், பத்தடி தள்ளிப்போய்த் திரையைப் பார்ப்போம் என்ற எளிய எண்ணம் வெளியே நின்றுவிடும். 1999 இல் அமெரிக்க ஆய்வாளர்களான பல்லாவும் ப்ரொஃபிட்டும், முதுகில் பாரம் சுமந்தவர்களும் களைத்தவர்களும் முதியவர்களும் ஒரு மேட்டின் சரிவை மற்றவர்களைவிடச் செங்குத்தாக மதிப்பிட்டார்கள் என்று எழுதினார்கள். ஆய்வின் நோக்கத்தை ஊகித்துக்கொண்டு சிலர் அப்படி விடை சொல்லியிருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் மறுத்ததும் உண்டு. அந்தச் சர்ச்சை எப்படியும் போகட்டும். மழையில் நனைந்த கொழுந்தைச் சுமந்து மலை ஏறிய அம்மாவிடம் கேட்டால் பல்லாவின் பக்கமே நிற்பார். எழுத்துருக் குறையைப் பற்றி விற்பனையாளருக்கு இரண்டு முறை படத்தோடு எழுதினேன்; பதில் இல்லை.

நினைவூட்டல் ஒலியைப் பற்றிச் சில சொற்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே விட்டால் நீண்ட ஊளை ஒன்று வருகிறது. முதல் நாள் காலை அதைக் கேட்டு அம்மா எழுந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சங்கு ஊதிவிட்டதாம், பெரட்டுக்கு நேரமாகிவிட்டதாம். அந்த ஒலியை உடனே அணைத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக நாமே பேசிப் பதிவுசெய்ய வசதி இருக்கிறது. “அம்மா, அந்தியாகிருச்சு, தேத்தண்ணி குடிங்க” என்று அக்காவைக் கொண்டு பேசவைத்தேன். நல்ல யோசனை என்றே நினைத்தேன். குரலைக் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு அக்காவை அறை அறையாகத் தேடினார். பத்து நிமிடத்தில் எதைத் தேடுகிறோம் என்பது மறந்துபோயிற்று, தேடும் தவிப்பு மட்டும் இரவு வரை நீடித்தது. 2014 இல் அயோவா பல்கலைக்கழகத்தார் அல்சைமர் நோயாளர்களுக்குச் சோகமான படத்துண்டுகளைக் காட்டினார்கள். பார்த்தது என்னவென்றே மறந்துவிட்ட பிறகும் அந்தச் சோகம் அவர்களை விட்டுப் போகவில்லை. நிகழ்ச்சியை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி முதலில் பழுதடைவதால் காரணம் தொலைந்துபோகிறது, உணர்ச்சி தங்கிவிடுகிறது. இப்போது என் குரலையே வைத்திருக்கிறேன். தேடினால் நான் அடுத்த அறையில் அகப்படுவேன்.

மின்சாரம் போனால் உள்ளேயிருக்கும் சிறு மின்கலம் நேரத்தைக் காப்பாற்றுகிறது, திரையைக் காப்பாற்றுவதில்லை. காற்று மழையில் கம்பிமேல் மரம் விழுவது வழக்கமாகிவிட்ட எங்கள் ஊருக்கு இது பெரிய குறை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கறுத்த கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: “அந்தம்மாவுக்குத் தேத்தண்ணி குடுத்தீங்களா?” இப்போதெல்லாம் மின்சாரம் போன உடனே திரைமேல் ஒரு துவாலையைப் போட்டுவிடுகிறோம்.

இவ்வளவு குறை சொல்லியும் வாங்கலாம் என்பதற்குக் காரணம் ஒரு பழைய கொப்பியில் இருக்கிறது. கடிகாரம் வருமுன்னர் ஒரு வாரம், “மணி என்ன தம்பி?” என்று அம்மா கேட்கும் ஒவ்வொரு முறையும் கோடு போட்டுவந்தேன், பிற்பகல்களில் முப்பதுக்குக் குறைந்ததில்லை. இப்போது பன்னிரண்டு, பதினைந்து. நோயில் மாற்றமில்லை. முன்பு இருபதாவது முறை கேட்கும்போது என் குரலில் ஏறிவிடும் கடுமையை அம்மா உடனே கண்டுகொள்வார். கேள்வி மறந்துபோகும், கடுமை மறக்காது, அந்த அச்சமே அடுத்த கேள்வியாக வரும். இப்போது, “வாங்கம்மா, பார்ப்போம்” என்று அழைத்துப்போய் இருவருமாகத் திரையைப் படிக்கிறோம்.

ஓரளவு வாசிக்கத் தெரிந்த, நோய் தொடக்க நிலையிலோ நடுநிலையிலோ இருப்பவர்களுக்கு இது உதவும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு இது வெறும் விளக்குத்தான். ஓரிரு நாட்களுக்குள் திடீரெனத் தடுமாற்றம் கூடினால் கருவியைத் தேடாமல் வைத்தியரிடம் செல்லுங்கள்; சிறுநீர்த் தொற்றுகூட முதியவர்களை அப்படி ஆக்கிவிடும்.

எழுத்துருவுக்கு நானே ஒரு வழி செய்திருக்கிறேன். “செவ்வாய்” என்றும் “வெள்ளி” என்றும் தடித்த பேனாவால் எழுதிய இரண்டு தாள் துண்டுகளை, அந்தந்த நாள் காலையில் திரையின் மேல் ஒட்டிவிடுவேன். நேற்று வெள்ளிக்கிழமை, பேருந்துக்கு ஓடும் அவசரத்தில் மறந்துவிட்டேன். படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: “தம்பி, பூச்சி வந்திருச்சு.” திரும்பிப்போய் ஒட்டினேன்.