இதயத்தைச் சுற்றிய கொழுப்பு: எக்கோவா, சி.டி.யா?

காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பந்தியில் கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் வைக்கும்போதே, "அண்ணே, கொலஸ்ட்ரால் பாத்தீகளா?" என்று விசாரிக்கிறார்கள். இதயத்தின் மேலேயே படியும் கொழுப்பை யாரும் கேட்பதில்லை. அதற்கும், இதயத்துக்கு ரத்தம் தரும் கரோனரித் தமனிகளுக்கும் நடுவே தடுப்புச் சவ்வு கிடையாது. அளவு மிஞ்சினால் அது சுரக்கும் அழற்சிப் பொருள்கள் தமனிச் சுவரை நேரடியாகப் பாதித்து, அடைப்பு வளரத் துணைபோகும் என்று கருதுகிறார்கள்.

இந்தக் கொழுப்பை அளக்க இரண்டு வழிகள். முதலாவது எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட். அதில் நெஞ்சில் ஜெல் தடவி, வலது கீழறையின் முன்சுவர் மேல் தெரியும் கொழுப்பின் தடிமனை அளப்பார்கள். சுமார் 5 மி.மீ. தாண்டினால் அதிகம் என்பது பரவலான கணக்கு. கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. ஆனால் ஒரே இடத்தின் தடிமன்தான். அளப்பவர் மாறினால் எண்ணும் மாறும். தொப்பை பெருத்தவருக்குப் படம் தெளிவாக விழாது. அளக்க வேண்டியதே அவருக்குத்தான்!

இரண்டாவதான சி.டி., அதாவது எக்ஸ்ரேயால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேன், மொத்தக் கொழுப்பின் கன அளவைத் தரும். கூடவே தமனிகளில் படிந்த கால்சியமும் எண்ணாக வந்துவிடும். அந்தக் கால்சிய எண்ணுக்காகவே நான் சி.டி. பக்கம் சாய்வேன். ஏனென்றால் கொழுப்பின் அளவை மட்டும் பார்த்து மருந்தை மாற்றும் மருத்துவர் அரிது. கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட்.

வேறு காரணத்துக்கு எக்கோ எடுக்கும் ஆச்சிக்கு அதிலேயே சேர்த்து அளக்கச் சொன்னால் போதும். சர்க்கரையும், அப்பாவுக்கு இளவயது மாரடைப்பும் உள்ள அண்ணனுக்கு சி.டி.யைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் இந்த ஆராய்ச்சியே வேண்டாம், உடனே இ.சி.ஜி. எடுக்க ஓடுங்கள்.