சிக்னல் 91 சதவீதம், படம் மட்டும் இல்லை: டிஷ் பழுதுபார்ப்பில் நான் ஏமாந்த கணக்கு

சென்ற நவம்பரில், டிஷ் ஆன்டெனாவைப் பழுதுபார்க்க வந்த ஒருவரிடம் நான்கு நாள்களுக்குள் 6,150 ரூபாயைக் கொடுத்து ஏமாந்தேன். பழுது இருந்ததோ கேபிளின் நுனியில் முடுக்கும், இருபது ரூபாய்கூடப் பெறாத ஒரு பின்னில். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சென்னையில் பல மொட்டை மாடிகளில் இதே குறை தலைகாட்டும் என்பதாலும், அப்போது இதே வசனங்களோடு ஆள்கள் வந்து நிற்பார்கள் என்பதாலும் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது. அம்மாவுக்குச் செய்தியும் பழைய படங்களும் போதும் என்பதால், மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் சேவைக்கு 60 செ.மீ. டிஷ் ஒன்றை மாடியில் பொருத்தியிருந்தோம். பெட்டியையும் டிஷ்ஷையும் கடையில் நாமே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது; கோளாறு வந்தால் கைக்குக் கிடைக்கும் மெக்கானிக்கைத்தான் நம்ப வேண்டும். மழை பிடித்துக்கொண்ட இரண்டாம் நாள் படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட, தெருமுனைச் சுவரில் ஒட்டியிருந்த எண்ணுக்கு அழைத்தேன்.

வந்தவர் செட் டாப் பாக்ஸின் மெனுவில் இரண்டு பட்டைகள் தெரியும் பக்கத்தைத் திறந்தார். மேலே ஸ்ட்ரெங்த் 62, கீழே குவாலிட்டி 28. கீழ்ப் பட்டையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. “ஸ்ட்ரெங்த் கம்மியா இருக்கு சார், எல்.என்.பி. போயிடுச்சு” என்று, டிஷ்ஷின் முன்னே நீட்டியிருக்கும், சிக்னலை வாங்கிக் கேபிளுக்கு அனுப்பும் சிறு கருவியைக் குறை சொல்லி, வந்து பார்த்ததற்கு 300, புது எல்.என்.பி.க்கு 550 என வாங்கிக்கொண்டு, பழையதையும் தம் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கழற்றிய பொருள் நம்முடையது, அதை நம்மிடமே விட்டுப் போகச் சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாளும் படம் போனது. இம்முறை டிவிக்குப் பின்னால் கேபிளின் நடுவே ‘பூஸ்டர்’ என்ற சிறு டப்பாவை 1,100 ரூபாய்க்கு மாட்டினார். மேல்பட்டை 62-லிருந்து 91-க்குத் தாவியதைக் கண்டு நானும் மகிழ்ந்தேன். குவாலிட்டி அதே 28-இல் கிடந்தது.

நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியாகப் பெட்டிக்குள் வந்து சேரும் மொத்த ஆற்றலின் அளவு மட்டுமே. அதில் நமக்கு வேண்டிய சிக்னலும் இருக்கும், எல்.என்.பி. தானே உண்டாக்கும் இரைச்சலும் இருக்கும், பக்கத்துச் செயற்கைக்கோளிலிருந்து கசிந்து வருவதும் இருக்கும். குவாலிட்டிதான் அந்த இரைச்சலுக்கு நடுவே நம் சிக்னல் எவ்வளவு தெளிவாகப் பிரிந்து தெரிகிறது, வந்த தரவில் எவ்வளவு பிழை இருக்கிறது என்பதைக் காட்டுவது. கல்யாண மண்டபத்தில் பதிவுசெய்த நாதஸ்வரத்தை வீட்டில் எவ்வளவு சத்தமாக வைத்தாலும், பந்திக் கூச்சலும் அதே அளவு ஏறத்தான் செய்யும். பூஸ்டர் செய்வதும் அதைத்தான். கேபிள் மிக நீளமாக ஓடும் கட்டடங்களில் அதற்குப் பயன் உண்டு. இருபத்தைந்து மீட்டர் கேபிளுக்கு, அதுவும் டிவியின் பக்கத்தில் மாட்டிய பூஸ்டருக்கு, எந்த வேலையும் இல்லை. டிஷ் தவறான திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுகூட ஸ்ட்ரெங்த் 80-ஐத் தாண்டி நிற்கலாம், குவாலிட்டி சுழியாக இருக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பில் பழைய ஆன்டெனாவைப் போலப் படம் மெல்ல மெல்லப் புள்ளி தட்டி மங்குவதும் கிடையாது. குவாலிட்டி ஓர் எல்லைக்கு மேல் இருக்கும்வரை பளிச்சென்று தெரிந்து, அதற்குக் கீழே இறங்கியதும் உடைந்து நின்றுவிடும். அதனால்தான் வெயில் நேரத்தில் வந்து பார்ப்பவர் “எல்லாம் சரியாயிடுச்சு சார்” என்று துணிந்து சொல்லிவிட்டுப் போக முடிகிறது.

மூன்றாம் முறை வந்தபோது, எங்கள் மாடிக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 மீட்டர் தள்ளி எழுந்திருக்கும் புதுக் கட்டடத்தைச் சுட்டிக்காட்டி, அதுதான் சிக்னலை மறைக்கிறது என்றார். டிஷ்ஷை எதிர்மூலைக்கு மாற்றி, 90 செ.மீ. அளவில் பெரியதாகப் போட்டால்தான் தீரும் என்று சொல்லி, டிஷ், கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய் வாங்கினார். பில் கேட்டதற்கு வாட்ஸாப்பில் அனுப்புவதாகச் சொன்னார். அது இன்றுவரை வரவில்லை. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது என்றாலும், கையில் ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல் நான் எதைக் காட்டிப் பேசுவது?

அன்று மாலை மழை வந்தது, படம் மறுபடியும் போனது. அழைத்தால் அவர் எடுக்கவில்லை.

பல ஆண்டுகள் கேபிள் வேலை பார்த்து ஓய்ந்த கீழ்வீட்டுப் பெரியவர்தான் கடைசியில் மாடியேறி வந்தார். மெனுவையோ டிஷ்ஷையோ பார்க்காமல் முதலில், “மழை விட்டதும் படம் வந்துடுதா தம்பி, இல்ல ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் வருதா?” என்று கேட்டார். கனமழை மேகம் குறுக்கே வரும்போது சிறிது நேரம் சிக்னல் விழுவது, இந்த டிஷ்கள் வாங்கும் கே.யு. பேண்ட் என்ற அலைவரிசையின் இயல்பு, அதற்கு யாரும் பணம் வாங்கத் தேவையில்லை. மழை விட்ட பின்னும் மணிக்கணக்கில் படம் வராவிட்டால் எங்கோ தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். பழைய கேபிளின் நுனியிலிருந்த எஃப் பின்னை அவர் கழற்றியபோது உள்ளே பச்சையாகக் களிம்பேறி, ஈரம் கசிந்தது. கடல்காற்றின் உப்புக்கு எங்கள் பகுதியில் இது புதிதல்ல என்றார். மெக்கானிக் புதுக் கேபிளை ஒட்டுப்போட்டபோதும் அதே பின்னைத்தான் மறுபடி முடுக்கியிருந்தார். பெரியவர் கேபிளை ஓர் அடி வெட்டிவிட்டுப் புதுப் பின் போட்டு, டேப் சுற்றி, மழைநீர் பின்னுக்குள் வழியாமல் வளைவில் சொட்டிவிடும்படி கேபிளைத் தொங்கவிட்டுக் கட்டினார். பூஸ்டரைக் கழற்றச் சொன்னார். ஸ்ட்ரெங்த் 70, குவாலிட்டி 76. காசு வாங்க மறுத்துவிட்டார்.

கட்டடத்தைப் பற்றிய ஐயம் மட்டும் எனக்குத் தீரவில்லை. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னையிலிருந்து அது தென்கிழக்கேதான் தெரியும், ஆகவே மெக்கானிக் சொன்ன திசை சரி. ஆனால் அது அடிவானத்திலிருந்து சுமார் 68 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலே இருக்கிறது. 12 மீட்டர் தள்ளி இருக்கும் கட்டடம் அதை மறைக்க வேண்டுமானால், எங்கள் டிஷ்ஷைவிட 30 மீட்டர், அதாவது பத்து மாடி, உயர்ந்து நிற்க வேண்டும். அந்தக் கட்டடம் எங்கள் மொட்டை மாடிக்கு மேல் இரண்டே மாடிதான். டிஷ்ஷின் முகம் செயற்கைக்கோளைவிடத் தாழ்வாகச் சாய்ந்திருப்பது அதன் வடிவமைப்பால். அதைப் பார்த்து எதிர்க் கட்டடத்தை நோக்கியிருப்பதாக எண்ணிவிடுவது எளிது. நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய 60 செ.மீ. டிஷ்ஷைப் பழைய இடத்திலேயே திரும்பப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்ததில் குவாலிட்டி 71 வரை வந்தது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் கடைசியில் சில நாள்கள் காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் படம் போய்ப் போய் வந்ததே, அது எதனால் என்று கேட்டார். அந்த நாள்களில் அந்த நேரத்தில் சூரியன் சரியாகச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நின்று, தன் இரைச்சலால் சிக்னலை மூழ்கடித்துவிடும். மார்ச்சிலும் இது நடக்கும். சூரியன் அந்த இடத்தில் நின்று எங்கள் டிஷ்ஷைத் தொட்டிருக்கிறது என்றால் நடுவே எதுவும் மறைக்கவில்லை. புதுக் கட்டடம் செப்டம்பரிலும் அதே உயரத்தில் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.