எண்ணும் எழுத்தும்: அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்த வரை

2022 ஜூனில் அக்கா மகன் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது அவனுக்குக் 'க' வரிசையே முழுசாகத் தெரியாது. அவன் தப்பு இல்லை. முதல் இரண்டு வகுப்பும் பெரும்பாலும் கொரோனாவில் போய்விட்டன. அந்த மாதம்தான் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை, அப்படி விட்டுப்போன அடிப்படை எழுத்தையும் கணக்கையும் பிடிக்க 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. சாயங்காலங்களில் அவனுடைய பயிற்சி நூலோடு உட்கார்ந்தவன் நான்.

பிள்ளை எந்த வகுப்பு என்பதைவிட எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரிக்கிறார்கள். இவன் தமிழில் அரும்பு, கணக்கில் மொட்டு. எனக்குப் பிடித்ததே இதுதான். தமிழ் வரவில்லை என்பதற்காகக் கணக்கிலும் அவனைப் பின்னால் உட்கார வைக்கவில்லை.

43-ல் 17 போனால் 34 என்று எழுதிக்கொண்டிருந்தான். 3-லிருந்து 7 போகாது, அதனால் 7-லிருந்து 3-ஐக் கழித்துவிடுவான். நான் எத்தனை முறை சொல்லியும் ஏறவில்லை. டீச்சர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கையில் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து எனக்குச் செய்து காட்டினான்: ஒரு கட்டை அவிழ்த்து உதிரி மூன்றோடு சேர்த்தான், பதிமூன்று. அதில் ஏழு குச்சியை எடுத்தான், ஆறு. மீதி மூன்று கட்டில் ஒன்றை எடுத்தான், இரண்டு. "இருபத்தாறு மாமா, கட்டை அவிழ்க்கணும், அவ்வளவுதான்!"

நானும் அரசுப் பள்ளியில் இந்த மாதிரிப் படித்தவன்தான். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் (அவரவர் வேகத்தில் அட்டை அட்டையாகப் படிக்கும் முறை), 2007-ல் நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊருக்கும் வந்தது. சுவரில் எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படம், தட்டில் அட்டைகள், எங்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. அம்மை போட்டு இரண்டு வாரம் படுத்திருந்துவிட்டுப் போனாலும் விட்ட அட்டையிலிருந்தே தொடங்குவேன். அக்கா மகனுக்கு அது கிடைக்கவில்லை. காய்ச்சலில் பத்து நாள் போகவில்லை, அதற்குள் குழு நகர்ந்துவிட்டது. ஒரே டீச்சர் இரண்டு வகுப்பைப் பார்க்கும் பள்ளி, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆள் போடாமல் இந்த முறை முழுதாக நடக்காது.

இன்னொன்று வலித்தது. உறவுக்காரர் ஒருவர் "இன்னும் அரும்புதானா?" என்று கேட்டுவிட்டார். அன்று ராத்திரி பயிற்சி நூல் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தது. நிலையின் பெயர் டீச்சருக்கும் பெற்றோருக்கும் தெரிந்தால் போதும், ஊருக்கு எதற்கு?

2023-ல் திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது. ஐந்து முடிக்கையில் இரண்டு பாடத்திலும் மலருக்கு வந்துவிட்டான். அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா என்று கேட்பவர்களிடம் தயங்காமல் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன். அப்புறம் மாதம் ஒருமுறை போய், எந்தப் பாடத்தில் எந்த நிலை என்று தனித்தனியாகக் கேளுங்கள். லீவு போட்டால் விட்ட பக்கங்களைக் கேட்டு வாங்கி வீட்டிலேயே செய்ய வையுங்கள். ஈர்க்குச்சிக்குக் காசு ஆகாது.