கிம்ப்ல தண்ணி எஃபெக்ட்: எல்லாம் சரி, அந்த ரிப்பிள் ஃபில்டர் மட்டும் ஏன் இப்படி?

ஆம்பூர்ல ஸ்டுடியோ வச்சிருக்குற ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "மாசாமாசம் சாஃப்ட்வேருக்கு காசு கட்டி முடியல மச்சான், நீ கிம்ப்லயே தண்ணியெல்லாம் பண்றியே, நானும் மாறிடவா?"ன்னு. கிம்ப்னா (GIMP) காசில்லாம கெடைக்கிற, படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர். வாட்ஸ்ஆப்ல ரெண்டு வரில சொல்ற விஷயமில்ல இது, அதான் விரிவா எழுதுறேன். நான் பெங்களூர்ல கல்யாண ஆல்பம் வேலை பாக்குறேன், அல்சூர் ஏரிக்கரையில எடுத்த ஜோடி படம் வராத சீசனே கிடையாது, ஏரி பச்சையா கெடக்கும், ஆனா பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு தெளிஞ்ச தண்ணி வேணும், அதுல ரெண்டு பேரோட பிம்பமும் விழணும், அலையும் அசையணும்.

முதல்ல கோவத்த சொல்லிடுறேன். ரிப்பிள் ஃபில்டர், அதாவது படத்த அலை அலையா நெளிய வைக்கிற கிம்ப் எஃபெக்ட். பேர பாத்தா தண்ணிக்குன்னே செஞ்சது மாதிரி இருக்கும். ஆம்ப்ளிடியூட் (அலை உயரம்), பீரியட் (அலைக்கு அலை இடைவெளி), ஆங்கிள், ஃபேஸ் ஷிஃப்ட் (அலை தொடங்குற எடம்) எல்லாம் குடுத்திருக்காங்க, சைன் வேவா முக்கோண வேவான்னு வரைக்கும் கேக்குது, ஆனா தூரம்னு ஒண்ணு உலகத்துல இருக்குறதே அதுக்கு தெரியாது. காலடியில இருக்குற அலைக்கும் அக்கரையில இருக்குற அலைக்கும் ஒரே இடைவெளி, ஒரே உயரம். ஏரி தகர ஷீட் மாதிரி ஆயிடுது. நெசத்துல கிட்ட இருக்குற அலை அகலமா தெரியும், போகப்போக நெருங்கி நெருங்கி அக்கரைகிட்ட வெறும் கோடாயிடும், இத கரையில நின்னு பாத்தா கொழந்தைக்கு கூட தெரியும். அதே டிஸ்டார்ட்ஸ் மெனுல வேவ்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, கல்லு போட்டா வர்ற வளையத்துக்கு, அதுல ஆஸ்பெக்ட்னு ஒரு ஸ்லைடர் வச்சு வட்டத்த நீள்வட்டமாக்க வழி பண்ணியிருக்காங்க, அப்போ சாஞ்ச கோணத்துல பாக்குற தண்ணிய பத்தி யோசிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம், பின்ன ரிப்பிளுக்கு மட்டும் ஏன் ஒரு ஸ்லைடர் சேர்க்கல? ஒவ்வொரு வெர்ஷன் வரும்போதும் மொதல்ல அதத்தான் தொறந்து பாக்குறேன். இல்ல.

அதனால நான் ரிப்பிள தொடுறதே இல்ல, டிஸ்பிளேஸ்தான், அதாவது மேப்புன்னு ஒரு கருப்பு வெள்ளை படத்த குடுத்தா அதோட இருட்டு வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி நம்ம படத்த நகர்த்துற ஃபில்டர். இது கொஞ்சம் சுத்துவழி, ஆனா கெடைக்கிற ரிசல்ட் வேற லெவல். தனி லேயர்ல சாலிட் நாய்ஸ் (மேகம் மாதிரி தாறுமாறா சாம்பல் திட்டு போடுற ஃபில்டர்) போடு, எக்ஸ் சைஸ கம்மியாவும் ஒய் சைஸ ஜாஸ்தியாவும் வை, படுக்கவாட்டுல நீண்ட நீண்ட கோடா வரும், அதுவே பாதி தண்ணி. அப்புறம் பெர்ஸ்பெக்டிவ் டூல்ல கீழ்ப்பக்கத்த நல்லா விரிச்சு இழு, ரிப்பிள் குடுக்காத தூரம் இங்க கெடைக்கும். இத மேப்பா வச்சு டிஸ்பிளேஸ் குடுக்கணும். மேப்ல நடு சாம்பல் இருக்குற எடத்துல படம் நகராது, அதவிட இருட்டுன்னா ஒரு பக்கம், வெளிச்சம்னா மறுபக்கம் நகரும். அதனால அக்கரை கோட்டுகிட்ட போகப்போக மேப்ப நடு சாம்பலுக்கு கரைச்சு விட்டுடு, இல்லன்னா கரையே பிஞ்சு தொங்கும். டிஸ்பிளேஸ்ல ஒய் (மேல கீழ) அளவு தூக்கலா, எக்ஸ் (பக்கவாட்டு) கொஞ்சமா. அலை பிம்பத்த மேல கீழதான் அதிகமா இழுக்கும், அதான் ராத்திரி ஏரியில லைட்டெல்லாம் நீள நீளமா விழுது. ஸ்லைடர நகர்த்த நகர்த்த கேன்வாஸ்லயே தெரியுது பாரு, அது எனக்கு இன்னிக்கும் சந்தோஷம்.

இன்னொரு பெரிய விஷயம் 2025 மார்ச்ல வந்த கிம்ப் 3.0 வெர்ஷன். அதுக்கு முந்தி 2.10 வெர்ஷன்ல ஃபில்டர் போட்டா போட்டதுதான், படத்தோட ஒட்டிக்கும். இப்போ பிளர் மாதிரி ஃபில்டர் எல்லாம் லேயர்லயே தனியா நிக்குது, எப்ப வேணா தொறந்து மாத்திக்கலாம். "நீரு ஒரிஜினல் தர இல்ல சார்"னு (தண்ணி நெசம் மாதிரி இல்லன்னு கன்னடத்துல) கஸ்டமர் ஆல்பத்த திருப்பி அனுப்புனா முன்னாடி வயிறு எரியும், இப்போ அந்த பயம் ரொம்ப கொறஞ்சிடுச்சு.

ஆனா மச்சான், எந்த சாஃப்ட்வேரும் செய்யாத வேலை ரெண்டு இருக்கு, அத நீதான் செய்யணும். ஒண்ணு, தண்ணிய நேர் கீழ பாத்தா வெளிச்சத்துல சுமார் 2 சதவீதம்தான் திரும்பி வரும், உள்ள இருக்குற பச்சைதான் தெரியும், பார்வை சாயச்சாயத்தான் கண்ணாடியாகும். அதனால பிம்ப லேயருக்கு கிரேடியன்ட் மாஸ்க் (லேயர கொஞ்சம் கொஞ்சமா மறைக்கிற திரை) போட்டு கால்கிட்ட மங்க விடு, தூரத்துல முழுசா வை. ரெண்டாவது, படத்த அப்படியே தலகீழா கவுத்து ஒட்டாத. நாம தண்ணிக்கு மேல நின்னு பாக்குறோம், பிம்பமோ தண்ணிக்கு கீழ அதே அளவு எறங்கி நின்னு அண்ணாந்து பாத்தா தெரியுற காட்சி. அல்சூர் ஏரி நடுவுல தீவு மரங்க இருக்குல்ல, அதுக்கு பின்னாடி தெரியுற பில்டிங் நேர்ல எட்டிப்பாக்குற அளவுக்கு பிம்பத்துல பாக்காது, மரமே அத பெருசா மறைச்சிடும். மரத்தையும் பில்டிங்கையும் தனித்தனி லேயரா வெட்டி வச்சு கவுத்தாத்தான் சரியா வரும். நேரம் புடிக்கும். பரவால்ல, தப்பா இருந்தா பாக்குறவங்களுக்கு காரணம் சொல்லத் தெரியாட்டியும் கண்ணு கண்டுபுடிச்சிடும்.

சரி, மாறலாமா? இவ்வளவு நல்லதா சொல்லிட்டு இப்படி சொல்றேன்னு நெனைக்காத, தை மாசம் முகூர்த்தம் வரிசையா நிக்கும்போது மாறாத. ஒரு ஃபில்டர்ல முடிய வேண்டிய அலைக்கு நாய்ஸ், பெர்ஸ்பெக்டிவ், மேப்புன்னு நாலு படி ஏறணும், நேத்து கூட அந்த ரிப்பிள் ஸ்லைடருங்கள பாத்து கடுப்பாகித்தான் சிஸ்டத்த மூடுனேன். மார்கழில வேலை கொறையும், அப்போ போட்டுப் பாரு, டிஸ்பிளேஸ்ல ஆரம்பி. நான் கிம்ப விட்டுட்டு போகப்போறதில்ல.