தேர்வுக்கு முந்தைய இரவுக்கு ஒரு மியூட்

பேஸ் டிராம்போன் (தாழ்ந்த சுரங்களை ஊதும் பித்தளைக் குழல்) வாசிக்க இடம் காலியென்றால் ஆர்கெஸ்ட்ரா தேர்வுக்கு ஊர் ஊராகப் போகிறவன் நான். ஓட்டல் அறையில் ஊதிப் பார்க்கத்தான், சத்தத்தை அடக்கக் குழலின் விரிந்த முனையில் செருகும் இந்த அலுமினிய மியூட்டை வாங்கினேன்.

சத்தம் நன்றாக அடங்குகிறது. ராத்திரி 10 மணிக்கு வாக்னரின் வால்கிரி ஓபராவிலிருந்து சத்தமான பகுதியை ஊதினேன், யாரும் சுவரைத் தட்டவில்லை. ஹைடனின் ‘கிரியேஷன்’ மாதிரி வேகமான இடங்களில் நாக்கும் ஸ்லைடும் (சுரம் மாற்ற இழுத்துத் தள்ளும் குழாய்) சேர்ந்து போகிறதா என்று பார்க்க இது போதும்.

மந்தர ஸ்தாயிதான் சிக்கல். காற்று திணறுகிறது, சுருதி ஏறுகிறது. சுருதியைச் சரிசெய்யும் டியூனிங் ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை தேர்வன்று காலையில் மியூட்டை எடுத்த பிறகு அதைத் திரும்பத் தள்ள மறந்து, தேர்வில் திரைக்குப் பின்னால் ஊதிய முதல் சுரமே இறங்கிவிட்டது. நடுவர்களுக்கு முகம் தெரியாது, சுருதி மட்டும்தான் கேட்கும். அப்புறம் முதல் சுற்றோடு ஊர் திரும்பினேன்.

வாங்கலாம். ஆனால் தேர்வன்று மியூட் இல்லாமல் அரை மணி நேரமாவது ஊதிவிட்டுப் போங்கள்.