முபிரோசின் 2% ஆயின்ட்மென்ட்: பிடி டயாலிசிஸ்காரங்களுக்கு நல்ல காவல், ஆனா இத தெரிஞ்சுக்கிட்டு போடுங்க

அம்மா வீட்லயே பிடி டயாலிசிஸ் பண்றாங்க, அதாவது கிட்னி பண்ற வேலைய வயித்துக்குள்ள தண்ணி விட்டு எடுத்து பண்றது. அந்த தண்ணி போய் வர்ற குழாய், அதான் கதீட்டர், வயித்துலேர்ந்து வெளிய வர்ற எடத்துல, அதான் எக்ஸிட் சைட், தினமும் தடவச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்த மருந்து இது. என் மார்க் 5க்கு 4.

ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னு ஒரு பாக்டீரியா நெறைய பேரோட மூக்குலயும் தோல்லயும் சும்மாவே இருக்கும், அது அந்த ஓட்டை வழியா புகுந்து கதீட்டர் ஓரமாவே உள்ள எறங்கிடுச்சுன்னா பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயித்துக்குள்ள இருக்கற சவ்வுல வர்ற தொற்று, வரைக்கும் போயிடும், சில பேருக்கு கதீட்டரையே எடுக்க வேண்டி வரும். அத வாசல்லயே நிறுத்துறதுல இந்த மருந்து கெட்டி. அம்மாவுக்கு சைட் காய்ஞ்சு சுத்தமா இருக்கு, எரிச்சல் கிடையாது.

கைய சோப்பு போட்டு கழுவி ஈரம் போக துடைச்சிட்டு, சைட்ட சுத்தம் பண்ணி காயவிட்டு, பட்ஸ்ல கொஞ்சூண்டு எடுத்து சுத்தி தடவினா போதும். மருந்து டியூபோட வாய நேரா தோல்ல வைக்காதீங்க, பக்கு கட்டியிருந்தா பிய்க்கவே பிய்க்காதீங்க.

ஒரு மார்க் ஏன் கொறைச்சேன்னா, இந்த ஆயின்ட்மென்ட்ல கலந்திருக்கற பாலிஎத்திலீன் கிளைக்கால் பாலியூரித்தேன் கதீட்டர கெடுத்துடும். இப்ப நெறைய பேருக்கு சிலிகான்தான் வைக்கறாங்க, இருந்தாலும் உங்களுது எதுன்னு பிடி நர்ஸ்கிட்ட கேட்டுக்கிட்டு ஆரம்பிங்க. பெரிய தெறந்த புண்ணுல அப்புனா அதே கிளைக்கால் ஒடம்புல எறங்கும், அத வெளியேத்த வேண்டியது கிட்னி, நம்மாளுங்களுக்கு அதுதானே பிரச்சனையே, அதனால அளவு ரொம்ப முக்கியம். இன்னொண்ணு, சூடோமோனாஸ்ங்கற இன்னொரு பாக்டீரியாகிட்ட இது எடுபடாது, அதுக்காக சில டாக்டருங்க ஜென்டாமைசின் கிரீம் எழுதுவாங்க, நீங்களா மாத்திக்காதீங்க.

தயவுசெஞ்சு ஒண்ணு, மருந்து போடறோமேன்னு டயாலிசிஸ் தண்ணி பேக் மாத்தும்போது மாஸ்க்கயும் கை சுத்தத்தையும் விட்டுடாதீங்க. கனெக்‌ஷன் முனையில வெரல் பட்டுச்சுன்னா கிருமி நேரா வயித்துக்குள்ள போகும், எக்ஸிட் சைட்ல தடவுன மருந்து அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அப்படி பட்டுடுச்சுன்னா கிளாம்ப மூடிட்டு உடனே நர்ஸுக்கு போன் போடுங்க.

சைட்ல செவப்பு, வலி, சீழ் எது வந்தாலும் இன்னும் கொஞ்சம் தடவிப் பாப்போம்னு நாள கடத்தாதீங்க. வெளிய வர்ற தண்ணி கலங்கலா இருந்தா அன்னிக்கே ஆஸ்பத்திரி, அந்த பேக்க கொட்டாம கையோட எடுத்துட்டு போங்க, டெஸ்ட்டுக்கு கேப்பாங்க.